காலில் கட்டியும் பாதச்சனியும்

(பந்தல்குடியில் நடந்த பகுத்தறிவுப் பிரசாரக் கூட்டத்தில் பேசியது)



இன்று இந்த மேடையில் சாமியைப் பற்றியோ, சாஸ்திரத்தைப் பற்றியோ நாம் பேசப் போகிறோம் என்று எதிர்பார்த்து வந்த தோழர்கள் சிறிது ஏமாற்றம் அடையக்கூடும். நாம் எடுத்துக் கொண்டிருக்கும் விஷயம் கால். அதிலும் காலின் மேற்புறம் அல்ல, அடிப்புறம். உள்ளங்காலில் உண்டாகும் கட்டியைப் பற்றிப் பேசப் போகிறோம். "இது ஒரு விஷயமா? இதற்கு ஒரு கூட்டமா?" என்று சிலர் கேட்கலாம். மனிதனுடைய தலையெழுத்தைப் பற்றி இந்த நாட்டில் ஆயிரக்கணக்கான வருஷங்களாகப் பேசி வந்திருக்கிறார்கள். அதனால் ஒருவனுக்காவது தலைவலி தீர்ந்ததாகத் தெரியவில்லை. அப்படியிருக்க, அவனுடைய காலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினால் குடி ஒன்றும் முழுகிப் போய்விடாது.

அதுவும் இந்தப் பக்கத்தில் பேச வேண்டிய விஷயந்தான் இது. இந்தப் பூமியைப் பற்றி உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்தால் காலைப் பிடித்து இழுக்கும் கரிசல்; வெயில் அடித்தால் பாளம் பாளமாக வெடித்துக் காலைக் கிழிக்கும் கரிசல். போதாக்குறைக்குத் தரிசாகக் கிடக்கிற இடமெல்லாம் சீமைக் கருவேல முள். சுண்ணாம்புக்கல் குவாரியில் கல்லின் மேல் நின்று பிழைக்கிறவர்கள் ஒரு பக்கம். அருப்புக்கோட்டையில் தறி மிதித்துப் பிழைக்கிறவர்கள் ஒரு பக்கம். பருத்தி எடுத்தும் கரிமூட்டம் போட்டும் பிழைக்கிற தாய்மார்கள் ஒரு பக்கம். இவ்வளவு பேருடைய சோறும் உள்ளங்காலின் மேல்தான் நிற்கிறது. தலையில் ஒரு கட்டி வந்தால் தலைப்பாகை கட்டிக்கொண்டு வேலைக்குப் போகலாம். உள்ளங்காலில் ஒரு கட்டி வந்தால் அன்றைக்கே கூலி நின்று விடுகிறது.

நாம் டாக்டருக்குப் படித்தவர்கள் அல்ல. டாக்டர்கள் எழுதியிருப்பதைப் படித்தும், அவர்களைக் கேட்டும் தெரிந்து கொண்டதை உங்கள் அறிவுக்குப் பட்டால் ஏற்றுக் கொள்ளுங்கள் என்று சொல்லுகிறோமே ஒழிய, நாம் சொல்லுவதையும் ஒரு வேதமாக வைத்துக் கொள்ள வேண்டாம்.

தறி நெய்கிற ஒருவர் என்று வைத்துக் கொள்ளுங்கள். வயது நாற்பத்தைந்து. ஒரு நாள் கால் கழுவும்போது உள்ளங்காலின் நடுக்குழிவில், உட்பக்கமாக, தோலுக்குக் கீழே ஒரு பட்டாணி அளவில் கெட்டியாக ஏதோ கைக்குத் தட்டுப்படுகிறது. நோவு இல்லை. ஆறு மாதம் கழித்து அது ஒரு புளியங்கொட்டை அளவு ஆகிறது. இப்போது மிதிபலகையை மிதிக்கும்போது நோகிறது. உடனே வைத்தியம் ஆரம்பமாகிறது. எப்படிப்பட்ட வைத்தியம்?

வீட்டில் பெரியம்மாள், "உள்ளே முள் இருக்கிறது, எருக்கம்பால் வை" என்கிறாள். எதிர்வீட்டுக்காரர், "இது காலாணி, பிளேடால் சீவி எடு, சேராங்கொட்டையைச் சுட்டு வை" என்கிறார். மருந்துக்கடைப் பையன் டாக்டர் சீட்டு ஏதும் கேளாமல் ஒரு கார்ன் கேப்பை எடுத்துக் கொடுக்கிறான். ஜோசியர் ஒருவர்தான் காலைப் பார்க்காமலே சொல்லிவிடக் கூடியவர். அவர் ஜாதகத்தைப் பார்த்து, "ஏழரைச் சனியில் இது கடைசி இரண்டரை வருஷம், பாதச்சனி, காலைப் பிடிக்காமல் விடாது, திருநள்ளாறு போய்வா" என்கிறார். நம்முடைய இயக்கத் தோழர்களில் சிலர் ஜோசியரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, யூடியூபில் எவனோ சொன்னதைக் கேட்டுப் பூண்டை நசுக்கி வைத்துக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்கள். ஜோசியனை விட்டுவிட்டு யூடியூபைப் பிடித்துக் கொள்வதற்குப் பெயர் பகுத்தறிவு ஆகாது.

இத்தனை பேரும் செய்யாத காரியம் ஒன்று உண்டு. அந்தக் கட்டி எங்கே இருக்கிறது, தோலில் இருக்கிறதா, தோலுக்குக் கீழே இருக்கிறதா, அசைகிறதா, சீழ் வடிகிறதா என்று ஒருவராவது உட்கார்ந்து அந்தக் காலைத் தடவிப் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு முன்பே பெயர் வைத்தாய்விட்டது.

அது என்னவென்று இப்போது சொல்லுகிறோம். நம்முடைய குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரையில் தோலுக்குக் கீழே கெட்டியான ஒரு நார்ப்பட்டை ஓடுகிறது. வில்லுக்கு நாண் எப்படியோ அப்படிக் காலின் வளைவுக்கு இந்த நார்ப்பட்டை. நாம் நடக்கும்போது வளைவு தட்டையாகிவிடாமல் இழுத்துப் பிடித்துக் கொண்டிருப்பது இதுதான். சிலருக்கு இந்தப் பட்டையில் நாரை உண்டாக்கும் அணுக்கள் அளவுக்கு மிஞ்சிப் பெருகி, நாரின் மேல் நாரைச் சேர்த்து ஒரு முடிச்சை உண்டாக்கி விடுகின்றன. இதுதான் நார்க்கட்டி. புண் ஆறின இடத்தில் தழும்பு கெட்டிப்படுகிறதல்லவா? ஏறக்குறைய அந்த மாதிரியான சங்கதி. புண் இல்லாமலே உண்டாகிறது என்பது மாத்திரம் வித்தியாசம்.

ஜெர்மனி தேசத்தில் லெடர்ஹோசே என்ற அறுவை வைத்தியர் 1894-ம் வருஷத்தில் இதை விவரித்து எழுதியதால் இதற்கு அவருடைய பெயரே வழங்கி வருகிறது. அதற்கு அறுபது வருஷங்களுக்கு முன்பே பிரான்சு தேசத்து டுப்பூய்ட்ரான் என்பவர், உள்ளங்கையில் இதே மாதிரி நார் தடித்து விரல்கள் மடங்கிப் போவதைப் பற்றிச் சொல்லியிருந்தார். இரண்டும் ஒரே குடும்பத்து வியாதிகள். நடு வயதில் அதிகம். பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். ஏறக்குறைய நான்கு பேரில் ஒருவருக்கு இரண்டு காலிலும் வருகிறது. தகப்பனுக்கு இருந்தால் மகனுக்கு வரலாம். நீரிழிவு, காக்கைவலிப்பு, மிஞ்சின குடி ஆகியவை உள்ளவர்களிடம் அதிகமாகக் காணப்படுகிறது என்கிறார்கள். ஆனால் மூலகாரணம் இன்னதுதான் என்று வைத்திய சாஸ்திரம் இன்னும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. காரணம் தெரியாததைத் தெரியாது என்று அது ஒப்புக் கொள்ளுகிறது. ஜோசியத்துக்குத்தான் தெரியாதது என்று ஒன்றே கிடையாது.

முக்கியமான விஷயம், இது புற்று அல்ல. புற்றாக மாறுவதும் இல்லை. உடம்பில் வேறு இடத்துக்குப் பரவுவதும் இல்லை. நோவு கொடுக்கலாம், நடையைக் கெடுக்கலாம், உயிரை எடுக்காது.

அடையாளம் கண்டுபிடிப்பது எப்படி? காலாணி எங்கே வரும் என்று பாருங்கள். செருப்போ, தரையோ அழுத்துகிற இடத்தில், முன்பாதத்திலும் விரலிலும் குதியிலும் வரும். தோலே தடித்துக் காய்த்துப் போயிருக்கும். நார்க்கட்டியோ பெரும்பாலும் தரையில் அதிகம் படாத குழிவில் வருகிறது. மேலே உள்ள தோல் சாதாரணமாகவே இருக்கிறது. கால் விரல்களை மேல்நோக்கி வளைத்தால் நார்ப்பட்டை விறைக்கும். அப்போது கட்டி இன்னும் நன்றாகப் புடைத்துத் தெரியும். பாலுண்ணி வகையாக இருந்தால் கரும்புள்ளிகள் தெரியும். நேராக அழுத்துவதைவிட இரண்டு பக்கமும் கிள்ளிப் பிடித்தால் அதிகமாக நோகும். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதியில் சுளீரென்று நோகிறதே, அது வேறு. அதில் கட்டி கிடையாது. அனுபவமுள்ள டாக்டர் கையால் தடவிப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடுவார். சந்தேகமிருந்தால் அல்ட்ரா சவுண்டு ஸ்கேன் போதும். நூல் சுற்றின கதிர் நடுவில் பருத்து இரு நுனியும் ஒடுங்கியிருப்பது போல, நார்ப்பட்டைக்குள்ளேயே கட்டி தெரியும். கட்டி பெரிதாகவோ, ஆழமாகவோ, வேகமாக வளருவதாகவோ இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், அதிலும் சந்தேகம் தீராவிட்டால் ஒரு துணுக்கை எடுத்து நுண்கண்ணாடியில் பார்க்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே எல்லாருக்கும் பெரிய ஸ்கேன் எழுதித் தருகிற இடங்களும் உண்டு. அப்படி எழுதினால், "இதைப் பார்த்து என்ன முடிவு மாறப் போகிறது?" என்று மரியாதையாகக் கேளுங்கள். புரோகிதரைக் கேள்வி கேட்டவன் டாக்டரைக் கேள்வி கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

நுண்கண்ணாடி என்றவுடன், பக்கத்துத் திருச்சுழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. 1879-ம் வருஷத்தில் அங்கே பிறந்து, திருவண்ணாமலையில் ரமண ரிஷி என்று உலகமெல்லாம் கொண்டாடப்பட்டவருக்கு இடது கையில் ஒரு சிறு கட்டி கண்டது. 1949 பிப்ரவரியில் டாக்டர்கள் அதை அறுத்தெடுத்தார்கள். மறுபடியும் வளர்ந்தது. அந்த ஒரு வருஷத்துக்குள் நான்கு தடவை அறுத்தார்கள். ரேடியம் வைத்தியமும் நடந்தது. அது சார்க்கோமா என்னும் கொடிய வகைப் புற்று. 1950 ஏப்ரல் 14-ந் தேதி அவர் முடிவெய்தினார். அவரைக் குறைவுபடுத்துவதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. அவரைச் சுற்றி இருந்தவர்கள் டாக்டரை அழைத்து வந்தது புத்தியுள்ள காரியமே. நாம் கேட்பதெல்லாம், கட்டி வருவது பாவத்தின் பலன் என்றால், அவர் செய்த பாவம் என்ன? சொல்ல மாட்டார்கள். ரிஷிக்கு வந்தால் திருவிளையாடல், தறிக்காரருக்கு வந்தால் முன்ஜென்ம பாவமா? கட்டிக்கு ஆளைத் தெரியாது. அது எந்த அணுவினால் ஆனது என்பதுதான் அதன் குணத்தை நிர்ணயிக்கிறது.

இனிச் சனிபகவானுடைய சங்கதிக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஏனென்றால், திருநள்ளாறு போய் வந்த பிறகு கட்டி நின்றுவிட்டது என்று சத்தியம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லுகிறார்கள் என்று நாம் சொல்லமாட்டோம். நின்றது உண்மையாகவே இருக்கும். யாரால் நின்றது என்பதுதான் கேள்வி.

நார்க்கட்டியின் சுபாவம் என்னவென்றால், சில காலம் வளரும். பிறகு பெரும்பாலும் வளர்ச்சி அடங்கி அப்படியே கிடக்கும். அநேகருக்கு ஆயுள் முழுவதும் ஒரு தொந்தரவும் இல்லாமல் கிடக்கும். சனிக் கிரகம் என்பது சூரியனிலிருந்து சுமார் 140 கோடி கிலோமீட்டருக்கு அப்பால், சூரியனை ஒரு தரம் சுற்றுவதற்கு இருபத்தொன்பதரை வருஷம் எடுத்துக் கொண்டு, தன் பாட்டுக்குப் போய்க் கொண்டிருக்கிறது. பன்னிரண்டு ராசிக்குப் பங்கு போட்டால் ராசிக்கு இரண்டரை வருஷம் வருகிறது. இரண்டரை வருஷத்தில் தானாக அடங்கக் கூடிய ஒன்றுக்கு, இரண்டரை வருஷத்தில் அடங்கும் என்று கெடு வைத்தால் அநேக தடவை பலிக்கத்தான் செய்யும். நோவு மிகவும் அதிகமாக இருக்கிற சமயத்தில்தான் ஒருவன் கோயிலுக்கும் போவான், வைத்தியனிடமும் போவான். உச்சிக்கு ஏறினது பிறகு இறங்கத்தானே வேண்டும்? இறங்கும்போது பக்கத்தில் யார் நின்றாலும் இறக்கினவன் அவனே என்று பெயர் வாங்கிக் கொள்ளுகிறான். சாமிக்கு மாத்திரம் அல்ல, எருக்கம்பாலுக்கும், டாக்டருடைய ஊசிக்குங்கூட இப்படிச் சும்மா பெயர் கிடைத்துவிடுவது உண்டு.

அப்படியானால் மெய்யாகக் குணமாக்குவது எது, தானாக அடங்கினது எது என்று எப்படித் தெரிந்து கொள்வது? இதற்குத்தான் அறிவுலகம் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறது. நெதர்லாந்து தேசத்து டாக்டர்கள் இந்தக் கட்டி நோவுக்குக் கதிர் வைத்தியம் பலிக்கிறதா என்று பரீட்சை செய்து, 2023-ம் வருஷத்தில் முடிவை வெளியிட்டார்கள். என்ன செய்தார்கள்? நோயாளிகளைச் சீட்டுப் போடுவது போல இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு மெய்யான கதிர். இன்னொரு கூட்டத்துக்கு அதே யந்திரம், அதே மேஜை, அதே நேரம். ஆனால் கதிர் மாத்திரம் இல்லை. எவருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது. நோவை அளக்கிறவருக்கும் தெரியாது. ஒரு வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். மெய்யான கதிர் வாங்கினவர்களுக்கு நோவு குறைவாக இருந்தது. அதன் பிறகே "இதனால் பலன் உண்டு" என்று எழுதினார்கள். எவ்வளவு அடக்கம் பாருங்கள்! திருநள்ளாற்றுக் குளத்துக்கு இந்தப் பரீட்சையை வைக்கச் சம்மதிப்பார்களா? பாதிப் பேரைக் கண்ணைக் கட்டி அந்தக் குளத்திலும், பாதிப் பேரை வேறு குளத்திலும் முழுக வைத்துவிட்டு, ஒரு வருஷம் கழித்துக் காலைத் தடவிப் பார்க்கச் சம்மதித்தால், நம்முடைய செலவில் பஸ் ஏற்பாடு செய்ய நாம் தயார்.

கதிர் என்றவுடன் எல்லாரும் ஓட வேண்டாம். அது நோவு கட்டுக்கடங்காதவர்களுக்குத்தான். இளவயதினருக்குக் கதிரைக் கொடுக்க மிகவும் யோசிப்பார்கள். ஸ்டீராய்டு ஊசி சிலருக்குக் கட்டியைச் சுருக்கி நோவைக் குறைக்கிறது. பிறகு திரும்பி வருவதும் உண்டு. அடிக்கடி போட்டால் பாதத்து மெத்தைக் கொழுப்பு கரைந்து போகலாம், நார்ப்பட்டையே அறுந்து போகலாம். பூசுகிற மருந்துகளுக்கு ஆதாரம் போதாது.

கத்தியைப் பற்றி ஒளிவு மறைவில்லாமல் சொல்ல வேண்டும். "ஒரு கட்டிதானே, எடுத்து எறிந்துவிட்டால் தீர்ந்தது" என்பதுதான் நம்மவர்களுடைய அபிப்பிராயம். இந்தக் கட்டி விஷயத்தில் அது தப்பு. கட்டியை மாத்திரம் தோண்டி எடுத்தால் பாதிப் பேருக்கு மேல் அது திரும்பவும் வந்துவிடுகிறது. சிலருக்கு முன்னைவிட அதிகமாகவும் வருகிறது. நார்ப்பட்டையைப் பெரும் பாகம் சேர்த்து எடுத்தால் திரும்ப வருவது குறைகிறது. ஆனால் உள்ளங்காலில் காயம் ஆறுவது கஷ்டம். நரம்பு வெட்டுப்பட்டால் மரத்துப் போகும். தழும்பே பிறகு நோக ஆரம்பிக்கும். பல வாரங்களுக்குக் காலை ஊன்றக் கூடாது. நாள்கூலிக்காரன் பல வாரங்களுக்கு என்ன செய்வான்? ஆகவே, வேறு எதற்கும் கட்டுப்படாமல், நடக்கவே முடியாமல் போனால்தான் அறுவை. முதல் நாள் பார்த்த டாக்டரே மறுநாளைக்குக் கத்திக்கு நாள் குறித்தால், இன்னொரு டாக்டரையும் பார்த்துக் கேட்டுக் கொள்ளுங்கள். பிளேடும் சேராங்கொட்டையும் வீட்டிலேயே வேண்டாம். தோலுக்குக் கீழே ஆழத்தில் இருக்கும் நார் பிளேடுக்கு எட்டாது. எட்டுவது தோலும் இரத்தமுந்தான். நீரிழிவுக்காரர்கள் கார்ன் கேப்பையும், செங்கல்லைச் சுட்டு ஒத்தடம் கொடுப்பதையும் அறவே விட்டுவிட வேண்டும். உணர்ச்சி மங்கின காலில் சூடு பட்டாலும் தெரியாது. மறுநாள் கொப்புளம், மறுமாதம் அழுகல், அப்புறம் விரல் போகிறது.

இதுவரை சாதுவான கட்டியைப் பற்றிச் சொன்னோம். சாதுவல்லாத ஒன்றும் உண்டு. அதற்கு உலகத்து வைத்தியப் புத்தகங்களில் வைத்திருக்கும் பெயரைக் கேட்டால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். அதன் பெயர் மதுரைப் பாதம்! நமக்கெல்லாம் மதுரை என்றால் மீனாட்சி கோயில் ஞாபகத்துக்கு வருகிறது. உலகத்து டாக்டர்களுக்கோ மதுரை என்றால் வீங்கி ஓட்டை விழுந்த ஒரு கால் ஞாபகத்துக்கு வருகிறது. 1842-ம் வருஷத்தில் மதுரையில் இருந்த கில் என்ற வெள்ளைக்கார டாக்டர் இங்கேயுள்ள குடியானவர்களுடைய காலில் இதைக் கண்டு குறித்து வைத்தார். பிறகு பம்பாயில் இருந்த கார்ட்டர் என்பவர், 1858-ல் வெளிவந்த கிரே என்பவரின் பிரசித்தி பெற்ற உடற்கூறு புத்தகத்துக்குப் படம் வரைந்தவர், இது பூஞ்சைக் காளானால் வருவது என்று ஆராய்ந்து 1860-ல் மைசெட்டோமா என்று பெயரிட்டார். கோயில் தெய்வங்களுக்குப் பக்கத்திலேயே எத்தனையோ தலைமுறையாக இந்த வியாதி இருந்து வந்தும், அது பேயினாலும் அல்ல, சாபத்தினாலும் அல்ல, கண்ணுக்குத் தெரியாத ஒரு காளானால் என்று சொல்லக் கடல் தாண்டி வந்த ஒருவன் நுண்கண்ணாடியை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

இது எப்படி வருகிறது? மண்ணில் இருக்கும் பூஞ்சையோ, ஒருவகைக் கிருமியோ, முள் குத்தின வழியாகவோ, கல் கிழித்த வழியாகவோ காலுக்குள் போகிறது. வறண்ட பூமியும், முட்செடியும், வெறுங்காலும் சேர்ந்த இடத்தில்தான் இது அதிகம். மூன்றும் எங்கே சேர்ந்திருக்கின்றன என்று நாம் சொல்ல வேண்டுமா? முள் குத்தினது மறந்து போய் மாதக்கணக்கு, வருஷக்கணக்கு ஆன பிறகு ஒரு சிறு கட்டியாகத் தெரியும். நோகாது. இதுதான் மோசம். நோகாததால் விட்டுவிடுகிறார்கள். கட்டி படர்ந்து பாதம் வீங்கி, பல இடத்தில் துவாரம் விழுந்து நீர் வடியும். அந்த நீரில் கடுகு போலவும் ரவை போலவும் சிறுமணிகள் வரும். கறுப்பு, வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று பல நிறத்தில் வரும். உள்ளே எலும்பை அரித்துக் கொண்டே போகும். கடைசியில் காலையே எடுக்க நேருகிறது.

ஆகவே நோவை நீதிபதியாக வைக்காதீர்கள். நோகிற நார்க்கட்டி சாதுவாக இருக்கிறது. நோகாத மதுரைப் பாதம் காலைத் தின்கிறது.

கட்டியிலிருந்து நீர் வடிந்தாலும், மணி வந்தாலும், துவாரம் விழுந்தாலும் அன்றைக்கே புறப்பட வேண்டும். அருப்புக்கோட்டை சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்கிறது. 2022 முதல் விருதுநகரில் சர்க்கார் வைத்தியக் கல்லூரியே இருக்கிறது. அதற்கு மேல் மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி இருக்கிறது. வடிகிற மணியைத் துடைத்து எறிந்துவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். அந்த மணியைச் சோதித்துத்தான் பூஞ்சையா, கிருமியா என்று சொல்ல முடியும். கிருமி வகையாக இருந்தால் மருந்தினாலேயே பெரும்பாலும் குணமாகிறது. பூஞ்சை வகையாக இருந்தால் ஒரு வருஷத்துக்கும் மேலாக மருந்து சாப்பிட வேண்டும், அறுவையும் தேவைப்படலாம். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. பெயர் தெரியாமல் மருந்து கொடுத்தால் மருந்தும் போச்சு, காலும் போச்சு. 2016-ம் வருஷத்தில்தான் உலக சுகாதார ஸ்தாபனம் இதைக் கவனிப்பாரற்ற வியாதிகளின் ஜாபிதாவில் சேர்த்தது. மதுரையில் எழுதி வைத்து நூற்றெழுபத்து நான்கு வருஷம் கழித்து! ஏன் இவ்வளவு தாமதம்? இது பணக்காரன் காலில் வருவதில்லை.

அவன் காலில் ஏன் வருவதில்லை? செருப்புப் போட்டிருக்கிறான். நம்மவன் ஏன் செருப்பில்லாமல் நடந்தான்? வறுமை என்று மாத்திரம் சொல்லிவிடாதீர்கள். 1930-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில், அப்போது அருப்புக்கோட்டையும் சேர்ந்திருந்த இராமநாதபுரம் ஜில்லாவில், மேல்சாதி என்று தங்களைச் சொல்லிக் கொண்டவர்கள் ஆதிதிராவிடத் தோழர்களுக்கு எட்டுத் தடை விதித்தார்கள். நகை போடக் கூடாது, சட்டை போடக் கூடாது, முழங்காலுக்குக் கீழே வேஷ்டி கட்டக் கூடாது என்று இப்படிப் போகிறது. எட்டாவது தடை என்ன? குடை பிடிக்கக் கூடாது. காலில் செருப்புப் போடக் கூடாது! ஹட்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி சாதியைப் பற்றி எழுதின புத்தகத்தில் இதெல்லாம் அச்சாகியிருக்கிறது. கருவேல முள்ளை எங்கும் வளர விட்டு, அதன் மேல் வெறுங்காலோடு நட என்று சட்டம் போட்டது எந்தச் சனி? விராட புருஷனுடைய பாதத்திலிருந்து சூத்திரன் பிறந்தான் என்று வேதத்தில் எழுதி வைத்தார்கள். அதற்கும் வெளியே தள்ளப்பட்டவனுக்கு அந்தப் பாதத்துக்கு ஒரு தோல்துண்டுகூட இல்லை என்றார்கள். இதில் பெரிய வேடிக்கை, ஊருக்கெல்லாம் அந்தச் செருப்பைத் தைத்துக் கொடுத்தவனே அதைப் போட்டுக் கொண்டு தெருவில் நடக்கக் கூடாது என்பது.

இங்கேயிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் சுக்கிலநத்தத்தில் 1928-ம் வருஷத்தில் புரோகிதர் இல்லாமல், மந்திரம் இல்லாமல் முதல் சுயமரியாதைக் கல்யாணம் நடந்தது. மந்திரம் இல்லாத கல்யாணம் கல்யாணமே அல்ல என்றார்கள். 1968-ல் சட்டமே அதை ஒப்புக் கொண்டது. மந்திரமில்லாமல் கல்யாணம் செய்து கொண்ட ஊர்ப் பக்கத்தில், மந்திரமில்லாமல் ஒரு கட்டியைப் பார்க்க இன்றைக்கும் பயப்படுகிறார்களே என்பதுதான் நமக்கு வருத்தமாக இருக்கிறது. இருக்கன்குடிக்கு வெறுங்காலோடு நடப்பதும், கால் குணமானால் வெள்ளியில் கால் செய்து உண்டியலில் போடுவதாக நேர்ந்து கொள்வதும் உங்கள் இஷ்டம். ஆனால் கட்டியுள்ள காலோடு வெறுங்காலாகக் கல்லிலும் முள்ளிலும் நடந்துவிட்டுப் பிறகு குணத்தை எதிர்பார்ப்பது என்ன நியாயம்? வெள்ளிக் காலுக்குக் கொடுக்கும் பணத்தில் தோல் காலுக்கு இரண்டு ஜோடிச் செருப்பு வாங்கலாம்.

செருப்பு என்றோம். நார்க்கட்டிக்கு முதல் வைத்தியமும் அதுதான். அதைச் சொல்லி முடித்துக் கொள்ளுகிறோம். நீரிழிவுக்காரர்கள் போடும் எம்.சி.ஆர். செருப்பு என்று மெத்தென்றிருக்கும் ரப்பர் செருப்பு விற்கிறது. அதையோ, உள்ளட்டை மாற்றக் கூடிய பூட்ஸையோ வாங்கிக் கொள்ளுங்கள். கட்டியின் மேல் சிறிது குங்குமத்தைக் குழைத்து வைத்துக் கொண்டு உள்ளட்டையின் மேல் ஒரு தரம் ஊன்றி நில்லுங்கள். குங்குமத்துக்கு இப்படியும் ஓர் உபயோகம் உண்டு. கட்டி அழுத்துகிற இடம் சிவப்பாகத் தெரியும். செருப்புத் தைக்கிற தோழரிடம் கொடுத்து, அந்த இடத்தில் கட்டியைவிடச் சற்று பெரிதாக ஒரு குழி வெட்டி, சுற்றிலும் மெத்தை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். பாரம் சுற்றுப்புறத்தில் இறங்கும். கட்டி குழிக்குள் சும்மா கிடக்கும். தறி மிதிக்கிறவர்கள் மிதிபலகைக்கும் இதே மாதிரி ஒரு ரப்பர் துண்டைக் குழியோடு வைத்துக் கொள்ளலாம். அநேகருக்கு இதற்கு மேல் ஒரு வைத்தியமும் வேண்டியிருக்காது.

டாக்டர் பார்த்து நார்க்கட்டி என்று சொன்ன பிறகு, மாதம் ஒரு தரம் நூலை வைத்து அதன் நீள அகலத்தை அளந்து தேதியோடு ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். வேகமாக வளர்ந்தாலோ, படுத்திருக்கும்போதும் நோவு விடாமலிருந்தாலோ, மேல்தோல் கறுத்தாலோ, புண்ணானாலோ, அந்தக் காகிதத்தையும் எடுத்துக் கொண்டு மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சில தோழர்கள் கேள்விகளைச் சீட்டில் எழுதித் தலைவரிடம் கொடுத்திருக்கிறார்கள். அவற்றுக்கு இப்போது பதில் சொல்லுகிறோம்.